பதவிக் கவசமும் ஒரு மாதக் கெடுவும்

அரசுக்கு எதிராக வழக்குப் போட முடியுமா? முடியும் என்கிறது நமது அரசியலமைப்பு. ஆனால் யாருக்கு எதிராக, எத்தனை நாளுக்குள், எந்த நீதிமன்றத்தில் என்று கேட்கும்போதுதான் சிக்கல் தெரிகிறது.

உயிர்த்த ஞாயிறு தாக்குதல் வழக்கைப் பாருங்கள். 2019இல் மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதி, ரணில் விக்கிரமசிங்க பிரதமர். 2023 ஜனவரி 12ஆம் திகதி தீர்ப்பு வந்தபோது மைத்திரிபால பதவியில் இல்லை. சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு உயர் நீதிமன்றம் அவருக்குக் கட்டளையிட்டது. ரணிலோ அப்போது ஜனாதிபதி. 35ஆம் உறுப்புரை தரும் விடுபாட்டுரிமை அவரை வழக்கிலிருந்து முன்னரே விலக்கியிருந்தது. சம்பவம் ஒன்றுதான், கதிரை மாறியதால் கணக்கும் மாறியது.

இருந்தாலும் அந்தக் கவசம் முன்போல் முழுமையாக இல்லை. ஜனாதிபதியின் உத்தியோகபூர்வ செயல்களைச் சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி அடிப்படை உரிமை மனு மூலம் கேள்வி கேட்க 2015இன் 19ஆவது திருத்தம் வழி திறந்தது.

ஆனால் வாசலில் இன்னொரு காவல் இருக்கிறது. மனுவை விசாரிக்க முதலில் நீதிமன்றம் அனுமதி தர வேண்டும். கொவிட் காலத்தில் ஜனாஸாக்களை எரிக்கும் கட்டாய விதிக்கு எதிரான மனுக்களுக்கு 2020 டிசம்பர் 1ஆம் திகதி அந்த அனுமதி பெரும்பான்மை முடிவால் மறுக்கப்பட்டது. காரணம் சொல்லப்படவில்லை. எரித்தவர்களுக்கு அங்கே விடுபாட்டுரிமை தேவைப்படவே இல்லை. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு ஆறுதல் தரலாம். பொறுப்பாளி யார் என்று அது சொல்லாது.

கந்தப்பளையில் ஒரு தோட்டத் தொழிலாளியையோ சிறுகடை முதலாளியையோ பொலிஸார் காரணமின்றித் தடுத்து வைத்தால் என்ன வழி? 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் கொழும்பு புதுக்கடைக்குப் போய் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். சட்டத்தரணியைத் தேடிப் பணம் புரட்டுவதற்குள் கெடு முடிந்துவிடும்.

1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சிறிது உதவும். ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் உள்ள காலம் கெடுவில் சேராது. விசாரணை நடந்ததற்கான கடிதங்களைப் பத்திரப்படுத்துங்கள். நீதிமன்றம் அதைக் கேட்கும்.

நிரந்தரத் தீர்வு வேறு. கெடு நீள வேண்டும். மாகாண மேல் நீதிமன்றங்களும் இம்மனுக்களை விசாரிக்க வேண்டும். புதிய அரசியலமைப்பு பற்றிப் பேசும் நம் பிரதிநிதிகளிடம் இதையும் கேட்போம்.