முகம் காட்டாத கவிஞருக்காக ஒரு சண்டை

போன வாரம் இங்கே சாய்ஹதே தாஹி என்ற ஜப்பானியக் கவிஞரைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். "பிளாக்கில் கிறுக்கினதெல்லாம் கவிதையா சார்?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். "ஒண்ணுமே புரியல மாமா, என்னதான் சொல்ல வர்றாங்க?" என்றாள் என் அக்கா மகள். பொறுமையாகப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். பொறுமை வரவில்லை.

முதலில் பிளாக் சங்கதி. 1986இல் கோபே நகரத்தில் பிறந்தவர், பள்ளி வயதிலேயே இணையத்தில் எழுதத் தொடங்கிவிட்டார். உண்மைதான், அதில் என்ன குற்றம்? 2007இல் முதல் தொகுப்பு 'குட் மார்னிங்' வந்தது. மறு வருடமே அதற்கு நகஹாரா சூயா பரிசு. முப்பது வயதில் இறந்துபோன பெருங்கவிஞரின் பெயரில், அவருடைய சொந்த ஊரான யமகுச்சி நகரம் கொடுக்கும் பரிசு அது. வாங்கும்போது இவருக்கு வயது 21. கொடுத்தவர்கள் லைக்கை எண்ணிக் கொடுக்கவில்லை.

"மரபு தெரியாதவர்கள்தான் இப்படி எழுதுவார்கள்" என்று இன்னொருவர். ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் 'ஹியாகுநின் இஷ்ஷு' என்ற பழந்தொகுப்பு இருக்கிறது. நூறு கவிஞர்கள், ஆளுக்கு ஒரு பாட்டு, ஒவ்வொன்றும் 31 அசை. அந்த நூறையும் இன்றைய பேச்சுமொழியில் புதுக்கவிதையாக எழுதி 2017இல் புத்தகமாக்கியவர் இவர். மரபு தெரியாமல் அதில் கை வைக்க முடியுமா?

சினிமாவால் வந்த பெயர் என்பதும் தப்பு. இவருடைய 2016ஆம் வருடத் தொகுப்பை வைத்து இஷீ யூயா படம் எடுத்தார். பகலில் நர்ஸ் வேலை, ராத்திரி பாரில் வேலை என்று ஒரு பெண், ஒரு கண் தெரியாத கட்டடத் தொழிலாளி ஒருவன், இருவரும் டோக்கியோவில். கதையே இல்லாத கவிதைப் புத்தகத்திலிருந்து இதை எடுத்தார்கள். 'கினேமா ஜும்போ' பத்திரிகை 2017இன் சிறந்த ஜப்பானியப் படமாக அதைத்தான் முதலிடத்தில் வைத்தது. அதற்குள் இவருடைய முதல் புத்தகம் வந்து பத்து வருடம் ஆகிவிட்டது. (கியோட்டோவில் ஒரு ஓட்டல் அறைகளில் இவர் கவிதைகளை எழுதிவைத்தார்களாம். அது எனக்கு ஒப்பவில்லை. தூங்கப் போகிறவனை விட்டுவிட வேண்டாமா?)

இனி 'புரியவில்லை' விஷயம். எனக்குக் கோபம் வந்தது இதற்குத்தான். இவரிடம் அருஞ்சொல்லே கிடையாது. சாவு, பிடித்திருக்கிறது, அழகாயிருக்கிறது, நீ, நான். பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள். ஆனால் ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் பாலம் போடமாட்டார். தாண்ட வேண்டியது வாசிப்பவர். அதனால்தான் முகத்தையும் காட்டுவதில்லை. ஆளைப் பார்த்துவிட்டால் "ஓ, இந்தப் பொண்ணோட சோகமா" என்று கவிதையை அந்த முகத்தில் ஒட்டிவிட்டு நாம் போய்விடுவோம். முகம் இல்லையென்றால் அந்த 'நான்' யார்? படிக்கிற நாம்தான்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை குறைவு என்பதும் தெரியும். "இக்கவிதையின் மையக்கருத்து யாது?" என்று முப்பது வருடம் கேள்வித்தாள் போட்டவன் நான். ஒருமுறை பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை, "படிச்சதும் வீட்டுல யாருமே இல்லாத மாதிரி இருந்துச்சு" என்று மட்டும் எழுதியிருந்தாள். சிவப்பு மையில் குறுக்குக் கோடு போட்டு, இரண்டுக்குப் பூஜ்யம் கொடுத்தேன். அவள் எதுவும் கேட்கவில்லை. விடைத்தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அந்தக் கவிதை எதுவென்று எனக்கு மறந்துவிட்டது. அவள் எழுதிய வரி மறக்கவில்லை.

அக்கா மகளே, உனக்கும் அதேதான். என்ன சொல்ல வருகிறார் என்று என்னிடம் கேட்காதே. படித்தபோது உனக்கு என்ன ஆயிற்று என்று சொல்.

அந்தப் பிள்ளை இந்தப் பக்கத்தில் இருக்கிறாளா, தெரியாது. இருந்தால், அந்த இரண்டு மார்க்கை இப்போது போட்டுக்கொள்ளம்மா.