சந்தை திறந்தால் சண்டை ஓயுமா?

கேள்வி: அண்டை நாடுகள் வரியின்றி வணிகம் செய்தால் சண்டை ஓயும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: ஓரளவு உண்மை. தென் அமெரிக்காவில் அர்ஜென்டினாவும் பிரேசிலும் நெடுநாள் போட்டியாளர்கள். ராணுவ ஆட்சி போய் மக்களாட்சி வந்தபின் நெருங்கின. 1991-ல் பராகுவே, உருகுவேயையும் சேர்த்து ‘மெர்கோசூர்’ பொதுச்சந்தை உடன்பாடு செய்தன.

1996-ல் பராகுவே ராணுவத் தளபதி அதிபரின் உத்தரவுக்குப் பணிய மறுத்தார். மற்ற மூன்று நாடுகளும் அதிபர் பக்கம் நின்றன; ஆட்சி தப்பியது. மக்களாட்சி குலைந்த நாட்டை விலக்கி வைக்கலாம் என்று 1998-ல் விதியும் எழுதினார்கள்.

ஆனால் அர்ஜென்டினா கோதுமை வரியின்றி வந்ததால், பிரேசில் கோதுமை விவசாயிகளுக்குப் போட்டி கடுமையானது. சந்தையைத் திறக்கும்போதே, அடிபடும் பயிருக்கும் வழி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அமைதிக்கான விலையை உழவர் மட்டுமே கொடுக்க நேரும்.