மூன்று காவல் நிலையங்களும் ஒரு மாணவனும்

உப்பளங்களுக்குப் பெயர் பெற்ற மரக்காணம் கடற்கரையை நாம் அறிவோம். பாத்தியில் பாய்ச்சிய கடல்நீர் வெயிலில் வற்றிவிடும். உப்பு மட்டும் எஞ்சி நிற்கும். குற்றமும் அத்தகையதே. செய்தவன் எத்துணை மறைப்பினும் அது ஏதேனும் ஓர் அடையாளத்தை விட்டுச் செல்லும். அவ்வடையாளத்தைத் தேடி ஆராய்வதே தடயவியல். மரக்காணம் கரையையும் தொட்டுச் சென்ற ஒரு வழக்கை ஈண்டு நினைவுகூர விழைகின்றோம். அது காவல்துறையினருக்கு மட்டுமன்றிக் கல்லூரி உலகத்தார் அனைவருக்கும் உரிய பாடமாகும்.

1996 நவம்பர் 6 ஆம் நாள், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் பொன் நாவரசு காணாமற் போனார். அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய பொன்னுசாமி அவருடைய தந்தையார். மகனைத் தேடி வந்த அவர் அண்ணாமலைநகர் காவல் நிலையத்தில் முறையிட்டார். அதற்கு முன்னரே சென்னையில் மாநகரப் பேருந்து ஒன்றில் அடையாளம் தெரியாத உடற்பகுதி கிடைத்து, அங்கு தனி வழக்குப் பதிவாகியிருந்தது. நவம்பர் 14 இல் அக்கல்லூரியின் மூத்த மாணவர் ஒருவர் மன்னார்குடி நீதிமன்றத்தில் சரணடைந்தார். அவர் அளித்த தகவலின்பேரில் பல்கலைக்கழக வளாகத்து நீர்நிலையிலிருந்து தலை மீட்கப்பட்டது. அதே மாதம் 21 ஆம் நாள் மரக்காணத்தை அடுத்த கூனிமேடு கடற்கரையில் மனித எலும்புகள் கிடந்தன. கிராம நிர்வாக அலுவலர் அதனை மரக்காணம் காவல் நிலையத்திற்குத் தெரிவித்தார்.

ஆக, மூன்று ஊர்கள். மூன்று காவல் நிலையங்கள். அவற்றை ஒன்றாக இணைத்தது எது? அறிவியலே. மண்டையோட்டை மாணவரின் நிழற்படத்தோடு பொருத்திப் பார்க்கும் ஆய்வு தமிழ்நாட்டுத் தடய அறிவியல் துறையில் நடந்தது. ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம், கிடைத்த பகுதிகளின் மரபணுக் கூறுகளைப் பெற்றோரின் குருதியோடு ஒப்பிட்டது. யாவும் அவ்விருவரின் மகனுக்கே உரியவை என்பது உறுதியாயிற்று. பெற்ற குருதியே சான்று கூறியது எனலாம்.

மரபணு ஆய்வு குற்றவாளியை மட்டும் காட்டுவதன்று. குற்றமற்றவரையும் காக்க வல்லது. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் பகுதியில் 1983 இலும் 1986 இலும் இரு சிறுமியர் கொல்லப்பட்டனர். இரண்டாம் கொலையைத் தானே செய்ததாக ஓர் இளைஞர் ஒப்புக்கொண்டும் விட்டார். பேராசிரியர் அலெக் ஜெஃப்ரீசின் ஆய்வோ, இரு கொலைகளையும் செய்தவன் ஒருவனே என்றும், அவன் அவ்விளைஞரல்லன் என்றும் காட்டிற்று. உண்மைக் குற்றவாளி 1988 இல் தண்டிக்கப்பட்டான்.

எனினும் அறிவியல் விரைந்து கூறியதை நீதி உறுதிசெய்ய நெடுங்காலம் ஆயிற்று. கடலூர் அமர்வு நீதிமன்றம் 1998 மார்ச்சில் ஆயுள் தண்டனை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2001 அக்டோபரில் விடுதலை செய்தது. மாண்பமை உச்ச நீதிமன்றம் 2011 ஏப்ரல் 20 இல் விடுதலையை நீக்கி, ஆயுள் தண்டனையை மீண்டும் உறுதிசெய்தது. பெற்றோர் காத்திருந்த காலம் பதினான்கு ஆண்டுகளுக்கும் மேல்.

ராகிங்கிற்குப் பணிய மறுத்ததே கொலைக்குக் காரணம் என்பது அரசுத் தரப்பின் வழக்கு. இவ்விடத்தில்தான் நாம் நின்று சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம். தடயவியல் எத்துணை வளர்ந்தாலும் உயிர் போன பின்னரே அது பேசத் தொடங்கும். உயிர் இருக்கும்போதே பேச வேண்டியவர்கள் உடன் பயிலும் மாணவர்களும், ஆசிரியர்களும், நிருவாகத்தினருமேயாவர். கூனிமேட்டுக் கரையில் கிடந்ததை, நமக்கேன் வம்பு என்று ஓர் அலுவலர் கடந்து சென்றிருப்பாரேல் ஒரு சான்று அலையோடு போயிருக்கும். விடுதி அறையில் ஓர் இளையவன் அழுவதைக் கேட்டும் கேளாதார்போல் கடந்து செல்வது அதனினும் பெரிய பிழையன்றோ?

ராகிங் நட்பை வளர்க்கும், கூச்சத்தைப் போக்கும் என்பாரும் உளர். நட்பை வளர்க்க நம்மிடம் விளையாட்டுத் திடல் இருக்கின்றது. அங்கும் மூத்தோர் இளையோர் உண்டு. வெற்றி தோல்வி உண்டு. ஆயினும் விதி இருவர்க்கும் ஒன்று, நடுவர் இருக்கின்றார், வீழ்ந்தவனைக் கைகொடுத்துத் தூக்குவது மரபு. ராகிங்கில் விதியுமில்லை, நடுவருமில்லை. வீழ்ந்தவனைக் கண்டு நகைப்பதே அங்கு மரபு. இதனை எவ்வாறு நட்பென்பது?

கல்லூரியின் நற்பெயர் கெடலாகாது, நமக்குள் பேசி முடிப்போம் என்று பெரியோர் சிலர் கருதுவதுண்டு. அவர்கள் எண்ணம் நல்லதேயாயினும் அது சட்டத்திற்கும் அறத்திற்கும் பொருந்தாது. நாவரசு மறைவை ஒட்டி இயற்றப்பட்ட 1997 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம், குற்றம் செய்தார்க்கு ஈராண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கின்றது. முறையீடு வந்தால் விசாரிக்கும் கடமையை நிறுவனத் தலைவர்மீது சுமத்துகின்றது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 ஆம் ஆண்டு விதிகளோ, குற்றம் தெரியவந்த 24 மணி நேரத்திற்குள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. உண்மையை மறைத்துக் காக்கும் பெயர் நற்பெயராகாது.

மாணவச் செல்வங்களே! உங்களுள் எவரேனும் நாளை தடயவியல் அறிஞராகலாம். நாடு பெருமை கொள்ளும். ஆனால் இன்றே உங்கள் ஒவ்வொருவராலும் இயன்ற பணி ஒன்றுண்டு. புதிதாய் வந்தவனுக்கு நேரும் கொடுமையைக் கண்டால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவர் செவிசாய்க்காவிடின் முதல்வரிடம் சொல்லுங்கள். நீங்கள் உரிய நேரத்தில் சொல்லும் ஒரு சொல், எந்த ஆய்வகமும் மீட்டுத்தர இயலாத ஓர் உயிரைக் காக்கும்.