நாற்பது நிமிஷக் கூத்து

ஊரில் எந்தப் பிரச்சினை வந்தாலும் "ஒரு விழிப்புணர்வு நாடகம் போடலாமே" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். டெங்குவா, நாடகம். குடியா, நாடகம். வரதட்சணையா, அதற்கும் நாடகம். கலையால் சமுதாயத்தைத் திருத்துவது என்றால் இதுதான் என்றாகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

நான் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளின் பில்கள் என் மேசை வழியாகப் போனதுண்டு. (எந்தத் துறை என்பது வேண்டாம்.) விடிய விடிய ஆடிப் பழகிய தெருக்கூத்துக் குழுவுக்கு நாற்பது நிமிஷம் கொடுப்பார்கள். சொல்ல வேண்டிய செய்தியையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கர்ணன் வேஷம் கட்டி வந்தவர் கொசு ஒழிப்பைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார். பிறகு குழுவின் வாத்தியார் பணத்துக்காக ஆபீசுக்கு நடையாய் நடப்பார். வராந்தா பெஞ்சுதான் அவருக்கு. அவர் கலைஞர் என்பது அங்கே யாருக்கும் நினைவிருக்காது.

என்னைக் கேட்டால், கலையில் நாம் செருகும் செய்தியால் பெரிதாக எதுவும் மாறுவதில்லை. யார் வாத்தியார், யார் அவர் முன்னால் கைகட்டி நிற்கும் மாணவர் என்பது மாறும்போதுதான் ஊர் கொஞ்சம் அசைகிறது.

எங்களைப் போலப் பிரெஞ்சில் படித்தவர்களுக்கு நாடகம் என்றால் மொலியேர், கொர்னேய், ராசின். பக்கம் பக்கமாக மனப்பாடம். நம் கொம்யூன் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடந்தால் அது 'பட்டிக்காட்டுச் சமாச்சாரம்'. ராசினின் ராணிகள் ஏன் அழுகிறார்கள் என்று பரீட்சையில் எழுதத் தெரிந்த எங்களுக்கு, விரித்த கூந்தலோடு சபையில் நியாயம் கேட்கும் திரௌபதியைத் தெரியாது.

இதில் ஒரு வேடிக்கை. 2015 கடைசியில் பாரிஸிலிருந்து அரியான் மினுஷ்கின் அம்மையாரின் 'தெயாத்ர் து சொலேய்' குழு நம் புதுச்சேரிக்கு வந்தது. மறு ஆண்டு அவர்கள் மேடையேற்றிய 'இந்தியாவில் ஒரு அறை' என்ற நாடகத்துக்குள் துகிலுரிதலும் கர்ணன் சாவும் தெருக்கூத்தாகவே வந்தன. கற்றுக்கொடுத்தவர் செய்யாறு பக்கத்துப் புரிசையைச் சேர்ந்த கண்ணப்ப சம்பந்தன் தம்பிரான். பல நாட்டு நடிகர்கள் அவரிடம் அடவும் பாட்டும் பழகித் தமிழிலேயே பாடி ஆடினார்கள். "பார்த்தீர்களா, வெள்ளைக்காரனே மெச்சிவிட்டான்" என்று இங்கே சிலர் பூரித்தார்கள். மெச்சியது கிடக்கட்டும். அவர்கள் அவரை வாத்தியாராக ஏற்று, அவர் சொன்னபடி ஆடினார்களே, அதை நாம் செய்தோமா?

நம் பக்கத்திலேயே செய்தவர்கள் உண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபால் அவர்களும் அவர் துணைவியார் ஹன்னே டி புருயின் அவர்களும் 2002-இல் ஒரு கட்டைக்கூத்துக் குருகுலம் தொடங்கினார்கள். ராஜகோபால் சிறு வயதிலேயே பள்ளியை விட்டுவிட்டுக் கூத்துக்கு வந்தவர். இரவெல்லாம் ஆடும் பையன் பகலில் வகுப்பில் எப்படி விழித்திருப்பான்? அதனால் அங்கே கூத்தும் படிப்பும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. பெண் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். ஆண்களே திரௌபதி வேஷமும் கட்டிய கூத்து இது. கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு ஒரு பெண் ராஜ வேஷத்தில் திரைக்குப் பின்னாலிருந்து வந்து நின்றால் அதற்கு மேல் எந்த விழிப்புணர்வுப் பாட்டு வேண்டும்? பின்னர் டி.எம். கிருஷ்ணாவின் கர்நாடக சங்கீதமும் கட்டைக்கூத்தும் ஒரே மேடையில் சேர்ந்தன. அந்தக் குருகுலம் 2020-இல் மூடப்பட்டுவிட்டது. நல்லது இங்கே நீடிப்பது கஷ்டம்தான்.

கூத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. கட்டியக்காரன் பேச்சில் பெண்களைப் பற்றிய கொச்சை வரும். சில ஊர்களில் யார் எங்கே உட்காருவது என்பதில் சாதி வரும். ஆனால் ராஜாவையே நிறுத்தி வைத்துக் கேலி செய்யும் உரிமையும் அந்தக் கட்டியக்காரனுக்குத்தானே இருக்கிறது? அந்த வேஷத்தை ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். செய்தியை யாரும் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்காது.

மழைக்காலத்தில் கூத்துக்காரர்களுக்கு ஆட்டம் குறைவு. கையில் காசும் குறைவு. பள்ளிகளோ நடந்துகொண்டிருக்கும். ஐப்பசியிலிருந்து மூன்று மாதம், வாரம் இரண்டு பீரியட், ஒரு கூத்து வாத்தியாரை வைத்துக் கற்றுக்கொடுத்தால் என்ன? ஆண்டு விழாவுக்கு முந்தின வாரம் கூப்பிட்டு ஒப்பேற்றுவது வேண்டாம். சம்பளம் மற்ற ஆசிரியர்களுக்கு வரும் அதே தேதியில் வரவேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் உங்கள் மகனோ மருமகளோ இருந்தால் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசச் சொல்லுங்கள். மனு எழுத ஆள் இல்லையென்றால் நான் எழுதித் தருகிறேன்.