மூன்று தலைமுறைக் கணக்கு

அமாவாசைதோறும் எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது தகப்பனார், பாட்டனார், முப்பாட்டனார் என்று மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்வது பல குடும்பங்களில் வழக்கம். நாலாவது பெயரைக் கேட்டால் நம்மில் அநேகர் விழிப்போம். பிரஜா உரிமை விஷயத்தில் இந்திய சர்க்காரின் சட்டமும் ஏறக்குறைய இதே கணக்கைத்தான் வைத்துக் கொண்டிருக்கிறது என்பது வேடிக்கை.

திருவண்ணாமலைவாசிகளுக்கு இந்த விஷயம் அடிக்கடி நினைவுக்கு வரக் காரணம் உண்டு. கார்த்திகைத் தீபத்துக்கும், பௌர்ணமி கிரிவலத்துக்கும், ரமணாசிரமத்துக்கும் வருகிற ஜனத்திரளில் மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா முதலிய தேசங்களில் பிறந்த தமிழ் வம்சாவளியினரும் இருக்கிறார்கள். அவர்களைக் காணும் நம்மவர், "பாட்டன் வழியாக இரட்டைப் பிரஜா உரிமை கிடைக்குமாமே, வாஸ்தவமா?" என்று நம்மைக் கேட்கிறார்கள்.

விடையை முதலிலேயே சொல்லி விடுகிறோம்: இந்தியாவில் அப்படி ஒன்று கிடையாது. தாமாக விரும்பி அந்நிய தேசத்துப் பிரஜையானவர் இந்தியப் பிரஜை அல்ல என்று நமது அரசியல் சட்டத்தின் 9-வது ஷரத்தும், 1955-ம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டமும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் கூறுகின்றன. 2006 முதல் வழங்கப்பட்டு வரும் ஓ.ஸி.ஐ. அட்டையை 'இரட்டைப் பிரஜா உரிமை' என்று பலர் கொண்டாடினாலும், அது ஆயுள் பூராவுக்குமான நுழைவு அனுமதியே ஆகும். அதை வைத்துக் கொண்டு வோட்டுப் போட முடியாது. தேர்தலில் நிற்க முடியாது. விளைநிலம் வாங்க முடியாது. எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வரலாம், விருந்தும் உண்டு, ஆனால் பாகப் பிரிவினையில் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது என்பது போன்ற உறவு!

அந்த உறவுக்கும் ஆதாரம் வேண்டும். 1950 ஜனவரி 26-ல் இந்தியப் பிரஜையாவதற்குத் தகுதி பெற்றிருந்த ஒருவரின் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரையில் கேட்கலாம். தாய்வழி, தந்தைவழி என்ற பேதம் இல்லை. மொரீஷியஸ்காரர்களுக்கு மாத்திரம் ஏழாந்தலைமுறை வரை சலுகை உண்டென்று 2024-ல் நமது ராஷ்டிரபதி அங்கே சென்றிருந்தபோது அறிவித்தார்.

இத்தனை தலைமுறைக்கு ஆதாரம் எங்கிருந்து வரும்? வெள்ளைக்காரன் எழுதி வைத்த ஜாபிதாக்களிலிருந்துதான். 1860-ல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் போன 'ட்ரூரோ' கப்பல் முதல் 1911 வரையில், ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றப்பட்ட சுமார் ஒன்றரை லட்சம் பேருக்கும் எண்ணிட்டு, பெயர், தகப்பன் பெயர், ஜில்லா, கிராமம் என்று குறித்து வைத்தார்கள். மொரீஷியஸில் இத்தகைய ஏடுகள் மோக்கா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் இருக்கின்றன. மனிதரைச் சரக்காக எண்ணிய அந்தக் கணக்கே, விதியின் விசித்திரத்தால், இன்று கொள்ளுப்பேரனுக்கு அனுகூலமாகிறது.

இலங்கைக்குப் போன நம்மவர்களுக்கு இந்த அனுகூலமும் இல்லை. தேயிலைத் தோட்டங்களுக்கு அவர்களை உற்றார் உறவினரோடு கூட்டிச் சென்றவர்கள் கங்காணிகள். தோட்டத்துச் செக்ரோலில் பெயர் ஏறியது கூலி கொடுப்பதற்காகவே. லயத்துக் காம்பராவில் பிறந்த எத்தனையோ குழந்தைகளுக்குப் பிறப்புப் பத்திரம் கிடையாது. இந்த நிலையில் சுதந்திர இலங்கை 1948-ல் ஒரு பிரஜா உரிமைச் சட்டம் செய்தது. இலங்கை மண்ணிலேயே பிறந்தவனானாலும், தகப்பன் அங்கே பிறந்ததையோ, அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்ததையோ ருசுப்படுத்த வேண்டும். தாய் அங்கே பிறந்தது கணக்கில் வராது. மலையையே தோட்டமாக்கிய ஜனங்கள் ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் நாடற்றவர் ஆனார்கள்.

1964 அக்டோபரில் லால்பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தம் செய்தபோது, இப்படி நாடற்றிருந்தவர்கள் ஒன்பதே முக்கால் லட்சம் பேர் என்று கணக்கிட்டார்கள். ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பாகமாயிற்று. மீதி ஒன்றரை லட்சத்தை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொண்டார்கள். ஆனாலும் எல்லாருக்கும் பத்திரம் வந்து சேர்ந்த பாடில்லை.

இனி ஒரு விந்தையைக் கேளுங்கள். அந்நிய தேசத்துப் பிரஜையான பிறகும் இலங்கைப் பிரஜா உரிமையையும் வைத்துக் கொள்ள வழி செய்யும் சட்டம் 1987-ல் அங்கே வந்தது. இரண்டு வேண்டுமென்றவர்களுக்கு வழி பிறந்தபோது, ஒன்றுகூட இல்லாத தோட்டத் தொழிலாளிகள் இருந்தார்கள்! அவர்களுடைய குறை தீர 1988-லும், முடிவாக 2003-லும் சட்டங்கள் தேவையாயின. முதற் சட்டத்திலிருந்து எண்ணினால் ஐம்பத்தைந்து வருஷம்.

கதை அங்கேயும் முடியவில்லை. இலங்கைக் கலவரங்களுக்குத் தப்பி வந்த இந்திய வம்சாவளியினர் சிலர், நமது அகதி முகாம்களில் பல வருஷம் கழிந்தும் பிரஜா உரிமை இல்லாமல், சென்னை ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளையை நாடினார்கள். அவர்கள் புதிதாக மனுச் செய்யலாம், மத்திய சர்க்கார் அதைக் கவனித்து முடிவு செய்ய வேண்டும் என்று 2019-ல் தீர்ப்பாயிற்று. பாட்டன் பிறந்த தேசத்துக்கே திரும்பி வந்தும் பேரன் அந்நியன்!

நமது அபிப்பிராயம் இது: முன்னோர் பிறந்த மண்ணோடு பேரப்பிள்ளைகளுக்குத் தொடர்பு வேண்டுமென்பது நியாயமான ஆசை, அதற்கு அட்டை கொடுப்பதும் நல்லதே. ஆனால் ஏழாந்தலைமுறைக்குக் காட்டும் தாராளத்தில் ஒரு பங்கையாவது முகாமில் இருக்கும் மூன்றாந்தலைமுறைக்கும் காட்ட வேண்டாமா? அட்டை வைத்திருப்பவருக்குப் போக இன்னொரு தேசம் இருக்கிறது. முகாமில் இருப்பவருக்கு இல்லை.

நம்முடைய வீட்டிலும் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. பாட்டி தாத்தா இருக்கும்போதே அவர்கள் பிறந்த ஊர், வருஷம், பெற்றோர் பெயர், போய்த் தங்கிய தேசம் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொள்ளுங்கள். பழைய பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூடத்துச் சான்றிதழ், பாஸ்போர்ட் எதையும் பழைய காகிதக்காரனிடம் எடைக்குப் போட்டு விடாதீர்கள். பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயரையும் பிறந்த தேதியையும் பிழையின்றி எழுதச் சொல்லிச் சரிபாருங்கள். உபாத்தியாயர் கோபித்துக் கொள்ள மாட்டார். அதற்கு நாம் ஜாமீன்.