பாகூர் ஏரி படகு விட வெட்டினது இல்ல

"பாகூர் பக்கம் பார்க்க என்ன இருக்கு?" புதுச்சேரிக்கு வர்ற சென்னை, பெங்களூர் ஆளுங்க கேக்குற கேள்வி இது. அதுக்கு நம்ம ஊர்க்காரங்களே சொல்ற பதில், "பெருசா ஒண்ணும் இல்லைங்க. ஒரு ஏரி இருக்கு. அதுல படகு விட்டா நாலு பேர் வருவாங்க." கேள்வி கேட்டவங்களுக்கும் பதில் சொன்னவங்களுக்கும் சேர்த்துதான் இதை எழுதுறேன். எனக்கு ஐம்பது வயசு தாண்டியாச்சு. அந்த ஏரித் தண்ணியில ரெண்டு காணி பயிர் வைக்கிறவன். அதனால கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்குங்க.

மொதல்ல, ஒண்ணும் இல்லைன்னு சொல்றது பொய். பாகூர் செப்பேடுன்னு ஒண்ணு இருக்கு, கேள்விப்பட்டிருக்கீங்களா? ஒன்பதாம் நூற்றாண்டு, பல்லவ ராஜா நிருபதுங்கவர்மன் காலத்தது. பாகூர்ல இருந்த வித்யாஸ்தானம், அதாவது அந்தக் காலத்துக் கல்லூரி, அதை நடத்த மூணு ஊரை எழுதி வெச்ச சாசனம். மூலநாதர் கோயில் சுவர் பூரா சோழர் காலக் கல்வெட்டு. வில்லியனூர் தாண்டி திருபுவனைக்குப் போனா வரதராஜப் பெருமாள் கோயில். அங்க 1048-ஆம் வருஷக் கல்வெட்டுல 260 மாணவர், 12 ஆசிரியர் இருந்த கல்லூரிக் கணக்கு இருக்கு. வில்லியனூர் திருக்காமீசுவரர் தேரை வெள்ளைக்கார கவர்னர் காலத்துலயே கவர்னர் வந்து வடம் பிடிப்பார். இன்னைக்கு துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். அதே வில்லியனூர்ல 1877-ல வந்த லூர்து மாதா கோயில். 1752-ல பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் மோதிக்கிட்டதும் இந்தப் பாகூர்லதான். இத்தனையும் புதுச்சேரி டவுன்ல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள.

ஆனா நான் சொல்ல வந்தது இந்தப் பட்டியல் இல்ல. இது எல்லாத்துக்கும் அடியில தண்ணி இருக்கு, அதைத்தான் யாரும் பார்க்கிறது இல்ல. மூணு ஊரை எழுதி வெச்சா கல்லூரி எப்படி நடக்கும்? அந்த ஊர்ல விளைஞ்ச நெல்லாலதான் நடக்கும். நெல் எப்படி விளையும்? ஏரி நிறைஞ்சாதான் விளையும். கோயில்னா குளம். லூர்து மாதா கோயில் முன்னாலயும் குளம்தான். இந்தப் பக்கம் சாமியும் சரி, படிப்பும் சரி, தண்ணிய விட்டுத் தனியா நின்னது கிடையாது. கோயில் நின்னுபோன வரலாறு, ஏரி இன்னைக்கும் ஓடிக்கிட்டு இருக்கிற வரலாறு. செப்பேட்டை வாசிக்க படிச்சவங்க வேணும். மதகைத் திறந்தா தண்ணி என் வயலுக்கு வருது, அதைப் புரிஞ்சுக்க பெரிய படிப்பு வேணாம்.

பாகூர் ஏரிக்குத் தண்ணி சும்மா வரல. தென்பெண்ணையில சொர்ணாவூர் அணைக்கட்டு இருக்கு. அங்க இருந்து பங்காரு வாய்க்கால் வழியா வரணும். அணைக்கட்டு தமிழ்நாட்டுல, ஏரி புதுச்சேரியில. பங்காரி, சிங்காரின்னு ரெண்டு தாசிப் பொண்ணுங்க, அக்கா தங்கச்சி, தங்கள் சொத்தைப் போட்டு வாய்க்கால் வெட்டினாங்கன்னு எங்க பெரியவங்க சொல்லுவாங்க. கதையோ நிஜமோ, வாய்க்காலுக்கு இன்னைக்கும் அந்தப் பேர்தான்.

இப்ப டவுனுக்கு வாங்க. பாரதி பூங்கா நடுவுல ஆயி மண்டபம். நீங்க எல்லாரும் அதுக்கு முன்னால நின்னு போட்டோ எடுத்திருப்பீங்க. ஆயி யாரு? அவங்களும் ஒரு தாசிதான். முத்திரப்பாளையத்துல தன் வீட்டையே இடிச்சுக் குளம் வெட்டினவங்கன்னு சொல்றாங்க. மூணாம் நெப்போலியன் காலத்துல அந்தப் பக்கத்துத் தண்ணிய டவுனுக்குக் கொண்டு வந்தாங்க, அந்த நன்றிக்குக் கட்டின மண்டபம் அது. புதுச்சேரி அரசு முத்திரையிலயே அந்த மண்டபம் இருக்கு. டவுனுக்குத் தண்ணி குடுத்தவளுக்கு வெள்ளை மண்டபம், லைட்டு, புல்தரை. பாகூருக்குத் தண்ணி குடுத்த பங்காரிக்கு கோரையும் ஆகாயத்தாமரையும். மண்டபம் கேக்கல நாங்க. வாய்க்கால்ல மண்டின தூரை வருஷா வருஷம் ஆடிக்கு முன்னால அள்ளிப் போடுங்க, அதுவே அவளுக்குக் கோயில்.

படகுக்கு வருவோம். படகு விட்டா என்ன கெட்டுப்போச்சுன்னு கேப்பீங்க. நிதானமா யோசிங்க. படகுக்குத் தண்ணி ஏரிக்குள்ளயே நிக்கணும். பயிருக்குத் தண்ணி ஏரியை விட்டு வெளிய வரணும். தை மாசம் கதிர் பால் பிடிக்கிற நேரம், கடைமடைக்காரன் மதகைத் திறன்னு கத்துவான். அதே தை மாசம்தான் உங்களுக்கு சீசன். படகு காண்ட்ராக்ட் எடுத்தவன் மட்டம் இறங்கக் கூடாதும்பான். அப்ப ஜெயிக்கிறது யாரு, பணம் கட்டினவனா, பயிர் வெச்சவனா? பதில் உங்களுக்கே தெரியும். படகு வேணும்னா சுண்ணாம்பாறு இருக்கு, கடல் இருக்கு, தாராளமா போங்க. ஊசுட்டேரியை 2008-ல பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க. பறவைக்கு ஒரு ஏரின்னு அரசாங்கத்துக்குத் தோணுச்சு, நல்லது. நெல்லுக்கு ஒரு ஏரின்னும் தோணணும்.

"டூரிஸ்ட் வந்தா ஊர் முன்னேறும்"னு சொல்றாங்க. யார் ஊர்? ஏரிக்கரையில சனி ஞாயிறு வந்து உக்கார்றவங்க பீர் பாட்டிலை உடைச்சிட்டுப் போறாங்க. திங்கக்கிழமை வாய்க்கால்ல வெறுங்காலோட இறங்குறவங்க எங்க வீட்டுப் பொம்பளைங்க. போன வருஷம் நாத்து நட வந்த ஒரு அம்மாவுக்குக் கால்ல ஆறு தையல். அவங்க பத்து நாள் கூலியை எந்த டூரிஸ்டும் குடுக்கல. இன்னொரு பக்கம் ரியல் எஸ்டேட் ஆளுங்க. ஏரி தெரியிற மாதிரி மனைன்னு போர்டு வெச்சு நஞ்சையில கல்லு நடுறாங்க. ஏரியைப் பார்க்கிறவன் கூடிக்கிட்டே போறான், ஏரியால பயிர் வைக்கிறவன் குறைஞ்சுக்கிட்டே போறான். பாசனம் இல்லாத ஏரிக்கு வாய்க்கால் எதுக்குன்னு நாளைக்குக் கேப்பாங்க. அதுக்கப்புறம் அது ஏரி இல்ல, குட்டை.

வாய்க்காலோட அருமை தெரியணும்னா 2024 டிசம்பரை நினைச்சுப் பாருங்க. ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழை. அடுத்து சாத்தனூர் அணையைத் திறந்தாங்க. பெண்ணையாறு பொங்கி பாகூர் கொம்யூன் கிராமங்களுக்குள்ள வந்துச்சு. கோடையில தண்ணி வர்ற வழியும், மழையில தண்ணி போற வழியும் சுத்தமா இருக்கணும்னு வாய்க்கால் வெட்டினவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. நமக்குத் தெரியல. புதுச்சேரியில ஏரிங்க மொத்தம் 84. ஒவ்வொண்ணுக்கும் வரத்து வாய்க்கால், மதகு, கலங்கல் உண்டு. கரைய மட்டும் பூசி, நடைபாதை போட்டு, பெஞ்சு வெச்சா அது ஏரியைக் காப்பாத்துறது இல்ல. வயிறு காயுறவனுக்குப் புதுச்சட்டை மாட்டுற கதை.

நான் உங்களை வராதீங்கன்னு சொல்லல. வாங்க. ஐப்பசி கார்த்திகையில வாங்க, ஏரி தளும்பும். மூலநாதர் கோயிலைச் சுத்திட்டு, கல்வெட்டு மேல சுண்ணாம்போ பெயிண்டோ பூசியிருந்தா யார்கிட்ட கேக்கணுமோ அவங்ககிட்ட கேளுங்க. நாங்க கேட்டா "போய்யா"ங்கிறாங்க, நீங்க கேட்டா பதில் வரும். அப்புறம் மதகுல இருந்து ஒரு வாய்க்காலைப் பிடிச்சுக் கடைமடை வரைக்கும் நடந்து பாருங்க. எங்க தண்ணி நிக்குது, எங்க அடைச்சிருக்கு, எங்க மனை போட்டிருக்கு, கண்ணால பார்க்கலாம். ஆயிரம் வருஷம் பழசான, இன்னும் வேலை செய்யிற ஒரு பொருளை நீங்க எந்த மியூசியத்துலயும் பார்க்க முடியாது.

பார்த்துட்டு ஊருக்குப் போய், "பாகூர்ல படகு இல்ல"ன்னு எழுதாதீங்க. "பங்காரு வாய்க்காலை ஏன் தூர் வாரல"ன்னு எழுதுங்க. கொண்டு வந்த பாட்டிலையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க.