ரேம் பெட்டியில் அச்சிட்ட எண்

முதல் கேமிங் கம்ப்யூட்டருக்கான பட்டியலை அக்கா மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். கிராபிக்ஸ் கார்டுக்கு நான்கு மாற்றுகள், கேபினட்டுக்கு மூன்று படங்கள். ரேமுக்கு ஒரே வரி: ‘16 ஜிபி, டிடிஆர்4, 3600.’ மதர்போர்டு, இருப்பதில் விலை குறைந்த எச்610. அந்தப் பலகையில் அந்த ரேம் 3200-க்கு மேல் ஓடாது என்றேன். “ஸ்லாட்ல உட்காருமே மாமா?” என்றான்.

உட்காரும். கம்ப்யூட்டரும் ஆன் ஆகும். கேமும் ஓடும். அதனால்தான் இந்தத் தவறு யார் கண்ணிலும் படுவதில்லை. பிராசசருக்கு இன்டெல் அறிவித்த ரேம் வேகத்தைத் தாண்டிப் போக எச்610 சிப்செட் விடாது. பி660, பி760 பலகைகள் விடும். கூடுதல் வேகத்துக்குக் கொடுத்த காசு எச்610-இல் பயனில்லாமல் போகும். ஆகவே முதலில் பிராசசர், அடுத்து பலகை, கடைசியில் ரேம்.

டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ என்பதையும் பலகைதான் தீர்மானிக்கிறது. இன்டெலின் 12 முதல் 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் இரண்டையும் ஏற்கும். ஆனால் வாங்கும் பலகை பெரும்பாலும் ஏதாவது ஒன்றுக்குத்தான். 2022-இல் வந்த ஏஎம்டியின் ஏஎம்5 பலகைகளில் டிடிஆர்5 மட்டுமே. இரண்டு வகை ரேமிலும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். இறங்கவில்லை என்றால் அழுத்தாதீர்கள்.

எனக்கு இதைவிட ஆதங்கம் தருவது ஒற்றை ரேம். “இப்போ ஒண்ணு போடுங்க, அப்புறம் இன்னொண்ணு சேர்த்துக்கலாம்” என்று கடையில் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். டிடிஆர்4 3200 ரேம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி தரவு போகும். இரண்டு போட்டால் 51.2. கிராபிக்ஸ் கார்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ரைசன் 5 5600ஜி போன்ற பிராசசரோடு தொடங்கும் பிள்ளைகளை இது நேரடியாக அடிக்கிறது. அதனுள் இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது. இதே ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. 16 ஜிபி ஒன்றுக்குப் பதில் 8 ஜிபி இரண்டு போட்டாலே கேம் ஓடுவதில் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். ஒரே பெட்டியில் ஜோடியாக வருவதை வாங்குங்கள். நான்கு ஸ்லாட் உள்ள பலகையில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவதும் நான்காவதும்தான் ஜோடி. மேனுவலில் படம் இருக்கும்.

நான்கும் போட்டால் இன்னும் வேகம் என்று நினைக்க வேண்டாம். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு ரேமுக்கு 5200, நான்குக்கு 3600.

வேகத்தோடு சிஎல் எண்ணையும் பாருங்கள். டிடிஆர்5 6000 சிஎல்30 ரேம் கேட்டதை எடுத்துத் தரத் தொடங்க 10 நானோநொடி. 6000 சிஎல்40-க்கு 13-க்கும் மேல். ஏஎம்5-இல் கேம் ஆட 6000 சிஎல்30 போதும். அதற்கு மேல் செலவழிக்கும் பணம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும்.

சரியாக வாங்கியவர்களும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. 6000 என்று அச்சிட்ட ரேம் முதல்முறை பெரும்பாலும் 4800-இல்தான் எழும். அது எல்லா டிடிஆர்5 பலகையிலும் ஓடும் பொது வேகம். பெட்டியில் உள்ள வேகத்துக்கு பயாஸில் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை நாம்தான் ஆன் செய்ய வேண்டும். அதன்பின் ஏஎம்5 பலகைகளில் திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். பலகை ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது, பிளக்கைப் பிடுங்காதீர்கள். விண்டோஸ் வந்ததும் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் ஓடும் வேகம் தெரியும். சிபியு-இசட்டில் பார்ப்பவர்களுக்கு 3000 என்று வரும். டிடிஆர் ரேம் ஒரு துடிப்புக்கு இருமுறை தரவு அனுப்புவதால் அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.